கருக்கரிவாள், கோணூசி, அம்மிக்கல்: கல்லாகிய சுறாப் பல்லைப் படிக்கும் விதம்

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் வெனிஸ் என்று ஒரு சின்ன ஊர். 'உலகின் சுறாப்பல் தலைநகரம்' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஊர். அந்தக் கடற்கரையில் முதல் தடவை இரண்டு மணி நேரம் குனிந்தபடி நடந்ததில் எனக்கு ஒன்பது பற்களும் ஒரு முதுகுவலியும் கிடைத்தன. ஒன்பதும் கறுப்பு. இருப்பதிலேயே பெரியது கட்டைவிரல் நகம் அளவு. அறைக்கு வந்து ஒரு தாளில் பரப்பி வைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி, "இது எந்தச் சுறா?"

எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அங்கே தொடங்கினால் வழி தவறிவிடும். பெயர் கடைசியில் வரட்டும். முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இந்தப் பல் என்ன வேலை செய்தது, வாயில் எந்த இடத்தில் இருந்தது, எந்த மண்ணிலிருந்து வந்தது. இவை தெரிந்தால் பெயர் பாதி வந்த மாதிரி. தெரியாவிட்டால் பெயர் சொல்லாமல் இருப்பதே நல்லது.

சரி, சுறாவில் ஏன் எப்போதும் பல் மட்டும் கிடைக்கிறது? சுறாவுக்கு எலும்பு கிடையாது. நம் காது மடலில் இருக்கிறதே, அந்தக் குருத்தெலும்புதான் அதன் உடல் முழுக்க. செத்த பிறகு அது சீக்கிரம் மட்கிவிடும். பல் அப்படி இல்லை. உள்ளே தந்தினி என்ற எலும்பு போன்ற பொருள், வெளியே எனாமல் போன்ற கெட்டிப் பூச்சு. அந்தப் பூச்சிலுள்ள ஃபுளோரபடைட் என்ற கனிமம் எளிதில் கரையாது. இன்னொரு காரணம் எண்ணிக்கை. சுறாவின் தாடைக்குள் பற்கள் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும். முன்வரிசைப் பல் விழுந்தால் பின்வரிசை நகர்ந்து முன்னால் வந்து நிமிரும். ஆயுள் முழுக்க இது நடப்பதால் ஒரே மீன் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுப் போகிறது. அப்படிச் சேற்றில் புதைந்தவற்றின் நுண்துளைகளில் மண்ணிலுள்ள கனிமங்கள் ஊறி ஊறித்தான் பல் கல்லாகிறது.

நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். "நல்ல கறுப்பு, அப்படியென்றால் ரொம்பப் பழசு" என்பது தவறு. இன்றைய சுறாவின் பல் வெள்ளை. கல்லான பல்லின் நிறம் அது புதைந்த மண்ணின் நிறம். பாஸ்பேட் நிறைந்த படிவில் கிடந்தால் கறுக்கும். மொராக்கோவின் கூரிப்கா சுரங்கங்களில் கிடைப்பவை சந்தன நிறத்திலும் வெளிர் மஞ்சளிலும் இருக்கும். அவை வெனிஸில் கிடைக்கும் கறுப்புப் பற்களைவிடப் பல கோடி ஆண்டு மூத்தவை.

இந்தக் கற்கள் பற்கள்தான் என்பதே ஒரு காலத்தில் சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. ஐரோப்பாவில் இவற்றுக்கு 'நாக்குக் கல்' என்று பெயர். சந்திர கிரகணத்தன்று வானத்திலிருந்து விழுபவை என்று ரோமானிய அறிஞர் பிளினி காலத்தில் ஒரு நம்பிக்கை. மால்டா தீவில் கிடைத்தவற்றைப் புனித பவுலோடு இணைத்து, விஷ முறிவுக்காகக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள், மதுவில் போட்டுக் குடித்தார்கள். 1616-லேயே ஃபாபியோ கொலோனா என்ற இத்தாலியர் இவை சுறாப் பற்கள் என்று எழுதிவிட்டார். விஷயம் சூடுபிடித்தது 1666-ல். லிவோர்னோ அருகே மீனவர்கள் ஒரு பெரிய சுறாவைப் பிடிக்க, டஸ்கனியின் பெருங்கோமகன் அதன் தலையை ஃபுளோரன்ஸுக்கு வரவழைத்து, நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் உடற்கூறு வல்லுநரிடம் கொடுத்தார். ஸ்டெனோ என்றால்தான் பலருக்குத் தெரியும். அவர் அந்த வாய்க்குள் பார்த்ததும் நாக்குக் கல்லின் வடிவம் அப்படியே அங்கே இருந்தது. அதோடு அவர் விடவில்லை. கடல் பிராணியின் பல் மலைப் பாறைக்குள் எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டே போய், 1669-ல் பாறை அடுக்குகளைப் பற்றி எழுதினார்: கீழே இருக்கும் அடுக்கு முதலில் படிந்தது, மேலே இருப்பது பிறகு படிந்தது. இன்றைக்கும் புவியியல் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

இப்போது பல்லைக் கையில் எடுப்போம். அதற்கு இரண்டு பகுதி. பளபளப்பான மேல் பாகத்தை, கத்திக்குச் சொல்வது போல, அலகு என்று வைத்துக்கொள்வோம். மங்கலாக, நுண்துளைகளோடு, பெரும்பாலும் இரண்டு கவடாகப் பிரிந்திருக்கும் கீழ்ப் பாகம் வேர். ஒரு முகம் தட்டை, அது வாய்க்கு வெளியே பார்த்தது. மற்ற முகம் புடைத்திருக்கும், அது நாக்குப் பக்கம். கடற்கரையில் ஒரு முக்கோணத் துண்டு பல்லா, சிப்பிச் சில்லா என்று சந்தேகம் வந்தால் இந்த இரண்டு முக வேறுபாட்டைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அடுத்து, அது என்ன வேலை செய்தது என்று பாருங்கள். சமையலறையும் வயலும் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். மூன்று கருவிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது கருக்கரிவாள். அகலமான அலகு, ஓரம் முழுக்கக் கருக்கு, அதாவது ரம்பம் போன்ற குட்டிப் பற்கள். பெரிய இரையைக் கடித்துத் தலையை உதறினால் சதை அறுபடும். பெரிய வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச் சுறா எல்லாம் இந்த வகை. புலிச்சுறாவின் பல்லை ஒரு முறை பார்த்தால் மறக்காது: சேவற்கொண்டை மாதிரி ஒரு பக்கம் வளைந்து, பின்புறம் ஆழமான வெட்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கருக்கின் ஒவ்வொரு பல்லிலும் இன்னும் சின்னக் கருக்கு இருக்கும். ஆமை ஓட்டையே அறுக்கிற பல் அது. ஹெமிப்ரிஸ்டிஸ் என்று ஒன்று உண்டு. அதன் மேல்தாடைப் பல்லில் கருக்கு முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் நுனிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். நுனி மட்டும் மழமழவென்று இருக்கும். மியோசீன் காலப் படிவுகளில் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுக்கு முன்) தாராளமாகக் கிடைக்கும். எல்லாரும் தேடும் ராட்சதச் சுறா மெகலடானைவிட எனக்கு இதன் மேல்தான் ஆசை.

இரண்டாவது கோணூசி. மெலிந்த, நீண்ட, கூரான அலகு, கருக்கு இல்லை. வழுக்கும் மீனைக் குத்திப் பிடித்து முழுசாக விழுங்க இது போதும். மணற்புலிச் சுறா என்று சொல்லப்படும் கார்கேரியாஸின் பல் இப்படி. அலகின் அடியில் இரண்டு பக்கமும் குட்டி முட்கள் நிற்கும். மாக்கோ சுறாவுக்கும் ஊசி போன்ற பல்தான், ஆனால் அந்தப் பக்க முட்கள் இருக்காது.

மூன்றாவது அம்மிக்கல். வெட்டவும் மாட்டாது, குத்தவும் மாட்டாது. நண்டையும் சிப்பியையும் நொறுக்கும். திருக்கைகளின் பற்கள் தட்டைப் பட்டைகளாகத் தளவரிசை போலச் சேர்ந்திருக்கும். உடைந்த பட்டை ஒன்று தனியாகக் கிடைத்தால் அதைப் பல் என்றே யாரும் நினைக்கமாட்டார்கள். என் முதல் பையிலிருந்து குப்பை என்று நான் எறிந்ததில் குறைந்தது இரண்டு பட்டைகள் இருந்திருக்கும்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று வேளா மீனின் கொம்பு. அதன் ரம்பத்தில் நிற்பவை உண்மையான பற்களே இல்லை, உருமாறிய செதில்கள். சங்க காலத்துப் பரதவர் சுறாக்கோடு நட்டு வழிபட்டது இந்தக் கொம்பைத்தான் என்று சொல்வார்கள். கல்லாகிய வேளா முட்களும் கிடைக்கும், ஆனால் பல் பெட்டியில் அவற்றைத் தனியாக வையுங்கள்.

வேலை தெரிந்தபின் இடம். ஒரே சுறாவின் வாயில் எல்லாப் பற்களும் ஒரே மாதிரி இருக்காது. இதுதான் அடையாளம் காண்பதில் இருக்கிற உண்மையான சிரமம். வாயின் முன்புறப் பல் ஓரளவு நேராக நிற்கும். பக்கத்துக்குப் போகப் போக நுனி வாய்க்கோடிப் பக்கமாகச் சாயும். கடைசியில் இருப்பவை குட்டையாகச் சுருங்கிவிடும். மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும் உள்ள வேறுபாடு இன்னும் மோசம். காளைச் சுறா அடங்கிய கார்கரைனஸ் கூட்டத்தில் மேல்பல் அகலமான முக்கோணம், கீழ்ப்பல் குறுகிய ஈட்டி. கீழ்ப்பல் இரையைக் குத்திப் பிடிக்க, மேல்பல் அறுக்கும். வலது கையில் கத்தி, இடது கையில் முள்கரண்டி மாதிரி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மீன் என்று யாரும் நம்பமாட்டார்கள். பழைய ஆராய்ச்சியாளர்களே இப்படி ஒரே சுறாவின் வெவ்வேறு பற்களுக்கு வெவ்வேறு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் ஒன்பது பற்களில் ஆறு கார்கரைனஸ். எந்த இனம்? தெரியாது. பத்துப் பன்னிரண்டு இனங்களின் மேல்பற்கள் கிட்டத்தட்ட ஒரே அச்சு. இணையத்தில் யாராவது ஒற்றைப் படத்தைப் பார்த்து இனப் பெயர் வரை அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 'கார்கரைனஸ், மேல்தாடை, பக்கப் பல்' என்று எழுதி நிறுத்திக்கொள்வது முழுமையான அடையாளம்தான். இன்னொன்று எலுமிச்சைச் சுறா: அலகில் கருக்கு இல்லை, வேர் இரண்டு பக்கமும் நேராக நீண்டு, மொத்தத்தில் சுத்தியல் போல. மீதி இரண்டு, வேர் தேய்ந்து போன துண்டுகள். அலையும் ஆறும் உருட்டிய பல்லில் முதலில் தேய்வது கருக்கு, அப்புறம் வேர். கருக்கு இல்லை என்று ஒரு முடிவுக்கு வருமுன், அது பிறவியிலேயே இல்லையா, தேய்ந்துபோனதா என்று ஓரத்தை லென்ஸில் பார்க்க வேண்டும்.

இனி எல்லாரும் காத்திருக்கும் மெகலடான். சுமார் 2.3 கோடி ஆண்டுக்கு முன் தோன்றி, சுமார் 36 லட்சம் ஆண்டுக்கு முன் மறைந்த ராட்சதச் சுறா. பல் 18 செ.மீ. வரை போகும். உள்ளங்கையை நிறைக்கிற பல் கிடைத்தால் சந்தேகமே இல்லை. சந்தேகம் வருவது நாலைந்து செ.மீ. பல்லில்தான்: இது மெகலடான் குட்டியா, பெரிய வெள்ளைச் சுறாவா? அளவை விட்டுவிட்டு நாக்குப் பக்க முகத்தைத் திருப்பிப் பாருங்கள். அலகுக்கும் வேருக்கும் நடுவே மங்கலான ஒரு பட்டை, கழுத்துக்குப் போட்ட துண்டு போல வளைந்து கிடந்தால் அது மெகலடான். வெள்ளைச் சுறாவுக்கு அந்தக் கழுத்துப் பட்டை கிடையாது. மெகலடான் கருக்கு நுணுக்கமாக, ஒரே சீராக இருக்கும், பல்லும் தடிமன். வெள்ளைச் சுறாவின் கருக்கு சொரசொரப்பு, பல் தட்டை.

இரண்டும் நெருங்கிய உறவு என்று வெகுகாலம் நம்பினார்கள், கருக்கை வைத்துத்தான். மெகலடானின் மூதாதையரான ஓடோடஸ் ஒப்ளிகுவஸின் பல்லைப் பார்த்தால் கருக்கே இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் தடித்த முட்கள். அந்த வம்சத்தில் முதலில் கருக்கு வந்தது, பக்க முட்கள் மெல்லச் சுருங்கின, மெகலடானில் மறைந்தே போயின. வெள்ளைச் சுறா வேறு வீட்டுப் பிள்ளை. அதன் மூதாதையான கார்கரோடன் ஹஸ்டாலிஸுக்கு அகலமான, கருக்கில்லாத பல். இடையில் பாலமாக ஒன்று பெரு நாட்டின் பிஸ்கோ படிவுகளில் கிடைத்தது: 222 பற்களும் 45 முதுகெலும்பு வட்டுகளும் கொண்ட ஒரே சுறா, வயது சுமார் 65 லட்சம் ஆண்டு. பற்களின் ஓரத்தில் கருக்கு அரைகுறையாக, இப்போதுதான் முளைக்கிறது போல. 2012-ல் அதற்கு கார்கரோடன் ஹபெல்லி என்று பெயர் வைத்தார்கள். ஹபெல் என்பது அதை வைத்திருந்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த சேகரிப்பாளரின் பெயர். தொழிலால் அவர் கால்நடை மருத்துவர். டைனோசர் காலத்து ஸ்குவாலிகோராக்ஸுக்கும் கருக்கு உண்டு, அது மூன்றாவது வீடு. ஆக, அறுக்க வேண்டிய தேவை வந்தபோதெல்லாம் தனித்தனியாகக் கருக்கு முளைத்திருக்கிறது. கருக்கு இருப்பதால் சொந்தக்காரன் என்று முடிவு கட்ட முடியாது.

எங்கே தேடுவது? வெனிஸில் கடலடியில் மியோசீன் படிவுகள் இருக்கின்றன; அலை அவற்றைக் கிளறிக் கரைக்குத் தள்ளுகிறது. கடல் வற்றும் நேரம், முக்கியமாகப் புயலடித்து ஓய்ந்த மறுநாள் போக வேண்டும். வெறும் மணலைப் பார்க்காதீர்கள். சிப்பிச் சில்லும் சின்னக் கற்களும் ஒதுங்கிய வரியைப் பாருங்கள், கனமான பொருளை அலை அங்கேதான் சேர்த்து வைக்கும். கறுப்பாக, மழமழப்பாகச் சூரிய ஒளியில் மின்னுவதைக் கண் தேடப் பழக அரை மணி நேரமாகும். ஃபுளோரிடாவின் பீஸ் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சரளையை அள்ளிச் சல்லடையில் சலிக்கிறார்கள். மேரிலாந்தில் கால்வெர்ட் செங்குத்துப் பாறைகள். அடியில் கரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம், பாறையைக் குடையக் கூடாது. மண் சரிந்தால் உயிர் போகும், சட்டமும் விடாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வட கரோலினாவின் அரோரா ஊர் வசதி: அங்குள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தின் எதிரே பாஸ்பேட் சுரங்கத்தின் கழிவு மண்ணைக் குவித்து வைத்திருப்பார்கள், யாரும் உட்கார்ந்து கிளறலாம்.

அனுமதி விவரம் ஊருக்கு ஊர் மாறும். ஃபுளோரிடாவில் அரசு நிலத்தில் முதுகெலும்பு விலங்குகளின் புதைபடிவம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும், சுறாப் பல்லுக்கு மட்டும் விலக்கு. அதே சல்லடையில் ஒரு கடற்பசு விலா எலும்பு வந்தால் சட்டம் வேறு.

வாங்கலாமா என்று கேட்பீர்கள். நானும் வாங்கினேன், பெயர் சொல்ல வேண்டாம், ஒரு இணையக் கடையில். மொராக்கோவின் ஓடோடஸ் பல், மணற்கல்லில் பாதி புதைந்தபடி, அத்தனை அழகு. தூசியாக இருக்கிறதே என்று இரவு தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் பாத்திரத்தில் ஒரு அலகு, கொஞ்சம் மணல், கொஞ்சம் பசை. வேர் என்று இருந்தது பசையில் குழைத்த மண். பல் உண்மை, மற்றதெல்லாம் கைவேலை. வேர்ப் பகுதி மணல் மணலாக, அலகோடு சேரும் இடம் மட்டும் மழுங்கலாக இருந்தால் விலகிவிடுங்கள்.

நீங்களே எடுத்த பல்லை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். வினிகர், அமிலம் எதுவும் வேண்டாம். அவை பல்லையே தின்னும். அப்புறம் சீட்டு எழுதுங்கள்: எந்த ஊர், கரையில் எந்த இடம், எந்த நாள், தனியாகக் கிடந்ததா, பாறையில் ஒட்டியிருந்ததா. இதைச் செய்யச் சோம்பல்படாதவர்கள் குறைவு. ஆனால் இடம் தெரியாத பல்லுக்கு வயது சொல்ல வழி இல்லை. ஒரு நண்பர் ஆசையாகக் கொடுத்த அருமையான மாக்கோ பல் என்னிடம் இருக்கிறது. எங்கே எடுத்தார் என்று அவருக்கு நினைவில்லை. எல்லாவற்றிலும் அழகானது அதுதான், அதைப் பற்றி எழுத ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

நம் ஊரில் கிடைக்காதா? கிடைக்கும், அதுவும் இதையெல்லாம்விடப் பழையது. 1845-லேயே புதுச்சேரிப் பக்கத்துப் பாறைகளிலிருந்து கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய மீன் எச்சங்களை எகர்டன் என்ற ஆங்கிலேயர் விவரித்து எழுதினார். அவற்றில் சுறாப் பற்களும் இருந்தன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மழை அரித்த களிமண் மேடுகள், ஜிப்சம் கீற்றுகள் மினுங்க, கிரிட்டேசியஸ் காலக் கடலின் அடித்தளமாகவே விரிந்து கிடக்கின்றன. வயது சுமார் 10 கோடி ஆண்டு. துப்பாக்கிக் குண்டு வடிவில் காலில் இடறுபவை பெலம்னைட்டுகள், கணவாயின் உறவுகள். அவற்றின் நடுவே அபூர்வமாகச் சுறாப் பல் இருக்கும். அங்கே பார்த்தால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்குச் சொல்லுங்கள். அந்த மேடுகளில் இன்னும் யாரும் பார்க்காதது நிறைய இருக்கிறது.

காரையிலிருந்து விவரிக்கப்பட்டவற்றில் ஒன்று டைகோடஸ் டெகரென்ஸ். அது அம்மிக்கல் வகை: சப்பையான பல், மேலே கொத்திய அம்மி போலவே வரிவரியாக மேடுகள். இந்த டைகோடஸுக்கு லூயி அகாசி என்ற சுவிஸ் இயற்கை ஆய்வாளர் பெயர் வைத்தது 1830-களில். அதற்குப் பிறகு ஏறக்குறைய 190 ஆண்டு, கையில் இருந்தது பெரும்பாலும் பற்கள் மட்டுமே. நொறுக்குகிற பல், ஆகவே கடலடியில் மெதுவாக ஊர்ந்து சிப்பி தின்ற மீனாக இருக்கும் என்று பலர் ஊகித்தார்கள். 2024-ல் மெக்சிகோவின் வயெசியோவில் கிடைத்த முழு உடலின் அச்சு வெளியானது. தண்ணீரைக் கிழித்துப் பாயும் உடல், பிறை போன்ற வால். வெள்ளைச் சுறாவும் மாக்கோவும் அடங்கிய அதே வரிசையைச் சேர்ந்தது. திறந்த கடலில் நீந்தும் ஓட்டுப் பிராணிகளைத் துரத்திப் பிடித்து நொறுக்கியிருக்கலாம் என்கிறார்கள் இப்போது. நொறுக்கியது என்று பல் சொன்னது சரிதான். மெதுவாக ஊர்ந்தது என்பது நாம் சேர்த்துக்கொண்டது.